அடுக்கிய பிறகும் கலைகிற நோடுகள்

எக்ஸ்எம்எல் ஃபைல்களை உருமாற்றும் மொழியான எக்ஸ்எஸ்எல்டியில், நோடுகளை (ஃபைலின் எலிமென்ட் போன்ற துண்டுகளை) அடுக்கும் சார்ட் வேலை செய்யவில்லை என்று வரும் பல புகார்களில், சார்ட் ஒழுங்காகத்தான் வேலை செய்திருக்கும். அதற்கு அடுத்த வரியில் நிற்கும் சாய்கோடு (/) அதைக் கலைத்திருக்கும்.

ஃபைலில் மூன்று நூல்கள்: கடல், மலை, நதி. பக்கங்கள் 450, 90, 120. அடுக்கும் கட்டளையான பெர்ஃபார்ம்-சார்ட் கொண்டு பக்க எண்படி அடுக்கி, $அடுக்கு என்ற வேரியபிளில் வைக்கிறோம். வேரியபிளின் வகையைச் சொல்லும் ஆஸ் ஆட்ரிபியூட்டில் எலிமென்ட்()* (எலிமென்ட்களின் வரிசை) என்றும் கொடுத்தாயிற்று. $அடுக்கு[1] என்றால் மலை, சரிதான். $அடுக்கு/தலைப்பு என்றால் கடல், மலை, நதி என்று பழையபடியே வந்து நிற்கும்.

சாய்கோட்டின் வலப்பக்கம் நோடுகளைத் தந்தால், இரட்டிப்புகளை நீக்கி ஆவண வரிசைப்படி (ஃபைலில் இருக்கும் வரிசைப்படி) கொடுக்க வேண்டும் என்பது, எக்ஸ்எஸ்எல்டிக்குள் நோடுகளைத் தேடும் மொழியான எக்ஸ்பாத்தின் விதி. நோடுகளைச் சேர்க்கும் யூனியன், பொதுவானதை எடுக்கும் இன்டர்செக்ட், கழிக்கும் எக்ஸெப்ட் மூன்றுக்கும் இதே கதைதான். காற்புள்ளி மட்டும் கொடுத்த வரிசையில் கை வைக்காது. அடுக்கிய வரிசை கலையாமல் இருக்க, எக்ஸ்பாத் 2.0-இல் ஃபார் $ந இன் $அடுக்கு ரிட்டர்ன் $ந/தலைப்பு என்று எழுதலாம். 3.0-இல் $அடுக்கு ! தலைப்பு போதும். சோதிக்கும்போது $அடுக்கு/ஸ்ட்ரிங்(தலைப்பு) என்று போட்டுப் பார்த்து ஏமாறுவது உண்டு. அங்கே கிடைப்பது நோடு அல்ல, வெறும் மதிப்பு. அதனால் அடுக்கிய வரிசை அப்படியே இருக்கும்.

இன்னும் வேடிக்கை, ஆஸ் இல்லாத வேரியபிள். அதில் நோடுகள் நகலாகி ஒரு தற்காலிக மரத்தில் அமர்கின்றன. அடுக்கிய வரிசையே அந்த மரத்தின் ஆவண வரிசை. $அடுக்கு/நூல்/தலைப்பு சரியாக வரும். பிறகு யாரோ நிரலைச் சுத்தப்படுத்துவதாக ஆஸ் சேர்த்து, பாதையிலிருந்து நூலையும் எடுப்பார்; விடை மாறிவிடும். அதற்காக நகலையே நம்பவும் முடியாது: அங்கிருந்து மேலே ஏறினால் மூல ஃபைலின் பெற்றோர் நோடு கிடைக்காது.

ஒவ்வொரு நோடாகச் சுற்றும் ஃபார்-ஈச்சுக்குள் புதிதாக உருவாக்கி, ஆஸ் போட்ட வேரியபிளில் சேர்த்த எலிமென்ட்கள் தனித்தனி மரங்கள். அவற்றுக்குள் எது முந்தியது என்பது எக்ஸ்எஸ்எல்டியை இயக்கும் ப்ராசஸரின் விருப்பம். ஒன்றில் சரியாக ஓடுவது இன்னொன்றில் புரண்டு வருவது இதனால்தான்.

அடுத்த உடன்பிறப்பு நோடைக் கேட்கும் ஃபாலோயிங்-சிப்ளிங்கும் ஃபைலில் இருக்கும் பக்கத்து நோடைத்தான் தரும். அடுக்கிய பிறகு அடுத்தது வேண்டுமென்றால் இப்போதைய இடத்தைச் சொல்லும் பொசிஷன்() எண்ணை எடுத்துக்கொண்டு $அடுக்குக்குள் தேட வேண்டும்.

பக்கங்கள் 120, 450, 90 என்று வந்தால் அது வேறு நோய்: எண்ணை எழுத்தாக ஒப்பிட்டிருக்கிறது. தரவு வகைகளை வரையறுக்கும் ஸ்கீமா இல்லாதபோது 2.0-இலும் இப்படித்தான். சார்ட்டின் செலக்டில் நம்பர்(பக்கம்) போடுங்கள். பக்கம் காலியாக இருக்கும் நூல்கள் என்ஏஎன் (எண் அல்ல என்னும் மதிப்பு) ஆகி ஏறுவரிசையின் தலையில் வந்து உட்காரும். வேண்டாமென்றால் முன்பே வடிகட்டிவிடுங்கள்.