இரண்டுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி

2024 மார்ச் 9

அலமாரியின் அடித்தட்டில் கிடந்த இரும்புப் பெட்டியை இன்று எடுத்துத் துடைத்தேன். 1984-இல் முழு நிரலையும் நானே எழுதிய முதல் கருவி இது. உலையின் வெப்பநிலையைக் காட்டும். உள்ளே ஒரு 8085 ப்ராசசர், நிரலை மின்சாரம் இல்லாமலும் வைத்திருக்கும் ஒரு 2716 எப்ரோம் சிப், கொஞ்சம் ராம். முன்பக்கம் ஏழு கோடுகளால் எண்ணைக் காட்டும் நான்கு செவன் செக்மென்ட் இலக்கங்கள்.

பழைய பவர் சப்ளையை நான் நம்பவில்லை, கப்பாசிட்டர்கள் காய்ந்திருக்கும். வெளியிலிருந்து 5 வோல்ட் கொடுத்தேன். சிவப்பு இலக்கங்கள் எரிந்ததும் நெஞ்சு படபடத்தது. 0 முதல் 9 வரை தன்னைத்தானே சோதித்துக்கொண்டது. அப்புறம் ஒரே ஒரு முறை வெப்பநிலையைக் காட்டிவிட்டு அப்படியே நின்றுவிட்டது.

ஒன்றைக் கவனித்தேன். 2 வரும்போது மட்டும் அதன் பக்கத்தில் ஒரு புள்ளி எரிந்தது. இந்த நிரலில் நான் புள்ளியே வைக்கவில்லை.

மார்ச் 10

புள்ளியைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். எப்ரோமில் ஒவ்வொரு பிட்டும் சிறைப்பட்ட மின்னூட்டம். அழித்த சிப்பில் எல்லாமே 1. எழுதும்போது 25 வோல்ட் கொடுத்து, எதனோடும் இணையாமல் மிதக்கும் ‘கேட்’ என்ற சிறு முனைக்குள் எலக்ட்ரான்களைத் தள்ளினால் அது 0. குவார்ட்ஸ் ஜன்னல் வழியே இருபது நிமிடம் புற ஊதா ஒளி பட்டால் எல்லாம் வெளியேறிவிடும். ஜன்னலை ஸ்டிக்கர் ஒட்டி மூடியிருந்தேன்தான். ஆனாலும் நாற்பது ஆண்டில் கொஞ்சம் கசியும். கசிவுக்கு ஒரே திசை: 0 என்பது 1 ஆகும், 1 என்பது 0 ஆகாது.

2 என்ற இலக்கத்தின் வடிவம் 5பி (0-9, ஏ-எஃப் என்று எழுதும் பதினாறடிமான முறை; கீழே வரும் குறிகளும் கூட்டுத்தொகைகளும் அதே முறைதான்), அதாவது 01011011. இடது ஓரத்து பிட்தான் புள்ளி. அந்த 0 கசிந்து 1 ஆகியிருக்கிறது. ஒரு பிட் செத்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்!

ஆனால் பெட்டி உறைந்து நிற்பதற்கு இது காரணமாக முடியாது. இன்னொன்று எங்கோ இருக்கிறது.

மார்ச் 12

மூல நிரல் எழுதிய கட்டம் போட்ட நோட்டைத் தேடினேன். கிடைக்கவில்லை.

அதற்கு முன்பு, படிக்கும் காலத்தில், ஃபோர்ட்ரான் நிரலை 80 பத்தி அட்டைகளில் துளையிடுவோம். கட்டளை 7-ஆம் பத்தி முதல் 72 வரை. அட்டைக்கட்டின் விளிம்பில் பேனாவால் ஒரு சாய்கோடு போட்டு வைப்போம். ஓர் அட்டை இடம் மாறினாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும்.

8085-க்கு வந்தபோது, கட்டளைகளை எண்களாக மாற்றித் தரும் அசெம்பிளர் மென்பொருள் கையில் இல்லை. கட்டளைகளைப் பென்சிலால் எழுதி, பக்கத்தில் அதற்குரிய எண்ணை, அதாவது ஆப்கோடை, நாமே போட வேண்டும். 3இ என்றால் ஏ என்ற ரெஜிஸ்டரில் (ப்ராசசருக்குள் எண்ணை வைக்கும் இடம்) எண்ணை வை, சி3 என்றால் தாவு, 76 என்றால் நில். சில மாதங்களில் எல்லாம் மனப்பாடம் ஆகிவிட்டது. எழுதிய எப்ரோமில் ஒரு கட்டளை வேண்டாம் என்றால் சிப்பை அழிக்கத் தேவையில்லை, அதன் மேலேயே 00 எழுதிவிடலாம். 00 என்றால் ஒன்றும் செய்யாதே. எந்த பைட்டையும் 00 ஆக்க முடியும் என்பது எங்களுக்குப் பெரிய வரம்.

என் மூத்த பொறியாளர் கடைசி பைட்டை செக்சம் என்ற சரிபார்ப்புக்கு ஒதுக்கச் சொன்னார். சிப்பின் 2048 பைட்டையும் கூட்டினால் கடைசி இரு இலக்கம் 00 வர வேண்டும். இடமே போதவில்லை, அந்த பைட்டை எனக்குக் கொடுங்கள் என்று வாதாடினேன். அவர் அசையவில்லை.

மார்ச் 13

சிப்பைக் கழற்றிப் படித்தேன். 5 வோல்ட்டில் கூட்டுத்தொகை 88. வோல்டேஜை 4.4-க்கு இறக்கிப் படித்தேன். மின்னூட்டம் பாதி கசிந்த செல் (ஒரு பிட் இருக்கும் இடம்), வோல்டேஜ் குறைந்தால் மறுபடி 0 என்றே படிக்கும். நினைத்தபடியே டிபி என்று வந்தது 5பி ஆனது. கூட்டுத்தொகை 08.

இன்னும் எட்டு மிச்சம். பெரும்பாலும் ஒரே பிட், எட்டின் இடத்தில் இருப்பது. செக்சம் வைக்கச் சொன்ன அந்த மனிதரைக் கைகூப்பி நினைத்துக்கொண்டேன்.

மார்ச் 14

கிடைத்துவிட்டது. காலையிலிருந்து பைட் பைட்டாகப் படித்துக் கட்டளைகளாக எழுதிக்கொண்டே வந்தேன். முதன்மைச் சுழலின் முடிவில் ஒரு சிபி. 8085-இன் அதிகாரப்பூர்வமான 246 ஆப்கோடுகளில் சிபி கிடையாது. எட்டைக் கழித்தால் சி3. சுழலின் தொடக்கத்துக்குத் திரும்பத் தாவும் கட்டளை அது.

அந்தத் தாவல் போனதால், ப்ராசசர் நேராக அடுத்திருந்த இலக்க அட்டவணைக்குள் நடந்திருக்கிறது. அட்டவணையைக் கட்டளைகளாக வாசித்துப் பார்த்தேன். 3எஃப் கேரி என்ற அடையாள பிட்டைத் திருப்பும், 06 பி-யில் எண்ணை வைக்கும், 4எஃப் ஏ-யை சி-க்கு நகர்த்தும். 0 முதல் 9 வரைக்குமான பத்து வடிவங்களும் ஒரு சேதமும் செய்யாத கட்டளைகள்! அவற்றைக் கடந்து அடுத்த சப்ரூட்டீனுக்குள் (தேவைப்படும்போது அழைக்கும் துணைநிரல்) நுழைந்து, யாரும் அழைக்காமலே அதன் ரிட்டர்னை, அதாவது திரும்பிப் போகும் கட்டளையை, அடைந்து, திரும்ப வேண்டிய முகவரியை வைக்கும் ஸ்டேக்கில் அது இல்லாமல் தொலைந்திருக்கிறது.

இந்தப் பாதையை ஒரு பென்சிலோடு கடைசிவரை பின்தொடர முடிந்தது. இன்று நான் பயன்படுத்தும் எந்தக் கருவியிலும் இதை என்னால் செய்ய முடியாது. அந்தக் குறை எனக்கு உண்மையாகவே வலிக்கிறது.

மார்ச் 16

புதிய சிப் தேவைப்படவில்லை. கசிவு 0-வை 1 ஆக்குகிறது, எழுதுவது 1-ஐ 0 ஆக்குகிறது. ஆகவே அழிக்காமல் அதே சிப்பின் மேல் அதே நிரலை மறுபடி எழுதினால் போதும். எப்ரோமில் எழுத அன்று நானே சோல்டர் செய்த பர்னர் இன்னும் இருக்கிறது. பைட்டுக்கு 50 மில்லிசெகண்ட், மொத்தம் நூறு விநாடிக்குச் சற்று மேல்.

படித்துப் பார்த்தேன். கூட்டுத்தொகை 00.

சிப்பைப் பொருத்தி 5 வோல்ட் கொடுத்தேன். 0, 1, 2. புள்ளி இல்லை. 9 வரை போய், அப்புறம் 27 என்று காட்டியது. வெப்பத்தை உணரும் தெர்மோகப்பிள் கம்பியின் நுனியை விரல்களுக்கு நடுவே பிடித்தேன். 28. 29. 30.