சுளகை விளிம்பாகப் பிடித்தால்

2024 ஆகஸ்டில் யூக்ளிட் விண்தொலைநோக்கியின் படங்கள், பொதுமக்கள் இணையத்தில் தொண்டர்களாகச் சேரும் கலக்ஸி சூ திட்டத்துக்கு வந்தன. படத்திலுள்ள விண்மீன் திரளின் வடிவத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் வேலை. பட்டம் கேட்கவில்லை, கணக்குத் திறக்காமலே செய்யலாம். ஒட்டுசுட்டானில் எங்கள் வீட்டு விறாந்தையில் சிக்னல் இழுக்கிற மூலை ஒன்று உண்டு. அங்கே போனோடு உட்கார்ந்துதான் தொடங்கினேன்.

திரள் வழவழப்பாக இருக்கிறதா, தட்டோ வேறு அமைப்போ தெரிகிறதா, இல்லை அது வெறும் நட்சத்திரமா என்பது முதல் கேள்வி. சொல்லும் பதிலைப் பார்த்து அடுத்தது வரும். தட்டு என்றால், விளிம்புப் பக்கமாகத் தெரிகிறதா என்று கேட்கும். இங்கேதான் மூன்று நாள் குழம்பினேன். ஒரு மெல்லிய கோடு, நடுவில் சிறு புடைப்பு. இது எப்படித் தட்டாகும்?

பக்கத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மம்மா எட்டிப் பார்த்தார். "சுளகைக் கண்ணுக்கு நேரா விளிம்பாப் பிடிச்சா கோடு மாதிரித்தானே பிள்ளை தெரியும்?" என்று பிடித்தும் காட்டினார். அதற்குப் பிறகு அந்தக் கேள்வியில் நான் தடுமாறவில்லை.

சுருள் கைகளுக்குப் பழக இன்னும் நாளெடுத்தது. கைகள் நடுவிலிருந்தே விரிகின்றனவா, நடுவைக் குறுக்கே கடக்கும் பட்டையின் முனைகளிலிருந்து விரிகின்றனவா என்று பார்க்க வேண்டும். நம்முடைய பால்வீதியிலும் அப்படியொரு பட்டை இருக்கிறது.

ஒரு நாள் தூக்கக் கலக்கத்தில், ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருந்த இரண்டு திரள்களை வழவழப்பு என்று அழுத்தி முடித்துவிட்டேன். முடித்த பின் மாற்ற முடியாது. பிழையான தகவல் கொடுத்துவிட்டேனே என்று மனம் உறுத்திக்கொண்டே இருந்தது. அப்புறம் தேடி வாசித்தபோதுதான் ஆறுதல் வந்தது. ஒரே படம் பலரிடம் போகிறது. 2007இல் ஸ்லோன் என்ற வானாய்வு படம்பிடித்த ஏறத்தாழ 9 இலட்சம் திரள்களோடு இது தொடங்கியபோது, ஒவ்வொன்றையும் சராசரியாக 38 தடவை பார்த்திருக்கிறார்கள். எத்தனை பேர் எப்படிச் சொன்னார்கள் என்ற விகிதம்தான் ஆய்வாளர்களுக்கு வேண்டியது. ஆட்கள் பிரிந்து நின்றால், அந்தப் படம் தெளிவில்லை என்பதும் ஒரு தகவல். இந்தப் பதில்களைக் கொண்டுதான் சூபொட் என்ற கணினி நிரலையும் பழக்குகிறார்கள்.

விசித்திரமானவற்றுக்கும் ஒரு கேள்வி உண்டு. அதை நான் ஒருநாளும் அவசரமாகக் கடப்பதில்லை. ஹன்னி வான் ஆர்கல் என்ற நெதர்லாந்து ஆசிரியை 2007இல் ஒரு திரளின் அருகே புரியாத ஒளித்திட்டு ஒன்றைக் கண்டு, இது என்ன என்று கேட்டார். அந்தத் திரளின் நடுவிலிருந்த கருந்துளைப் பகுதி முன்பு வீசிய ஒளியில் இன்னும் மினுங்கும் வாயு அது. பச்சைப் பட்டாணி என்று பெயர் பெற்ற சிறு திரள்களையும் தொண்டர்களே கவனித்தார்கள்.

மழை விட்ட ஒரு கார்த்திகை இரவு கரண்ட் நின்றது. முற்றத்தில் இறங்கி வடக்கே நிமிர்ந்து பார்த்தேன். அந்திரொமேடா என்ற விண்மீன் திரள், மங்கிய புகைத்திட்டாக. 25 இலட்சம் ஒளியாண்டுத் தூரம். அதுவரை நான் பார்த்த திரள்களெல்லாம் போனுக்குள் இருந்தவை. இதை வெறுங்கண்ணால் பார்த்தபோது உடம்பு சிலிர்த்தது.

இப்போது தம்பியும் பக்கத்தில் இருந்து பார்க்கிறான். நேற்று ஒரு சுருளில் எனக்கு இரண்டு கை தெரிந்தது, அவனுக்கு மூன்று. போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். சரி என்று, 'சொல்ல முடியவில்லை' என்பதையே அழுத்தினோம்.