இரண்டு ஏ4 தாள்கள் அருகருகே

போன வருடம் நான் பக்கம் அமைத்த ஒரு கல்வெட்டில் ஒரு பேரனின் பெயர் விடுபட்டுப் போனது. இறந்தவரின் 31ஆம் நாள் கிரியைக்கு அச்சிட்டுக் கொடுக்கும் நினைவு மலரை எங்கள் பக்கத்தில் கல்வெட்டு என்போம். பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள், பூட்டப்பிள்ளைகள் என்று பெயர்கள் வரிசையாக வரும். வீட்டார் கையால் எழுதித் தந்த தாளை ஸ்கேன் செய்து ஒரு ஜன்னலில் திறந்துகொண்டு, இன்னொரு ஜன்னலில் பக்கத்தை அமைப்பேன். என் பழைய 19 அங்குல மொனிற்றரில் இரண்டும் ஒன்றாக நிற்காது. ஒன்று வந்தால் மற்றது மறையும். அப்படி மாறி மாறிப் பார்த்ததில் ஒரு வரியைத் தாண்டிவிட்டேன்.

200 பிரதியும் அச்சாகி வந்த பிறகு அந்தப் பிள்ளையின் தாய்தான் கண்டுபிடித்தார். சத்தம் போடவில்லை. அந்தப் பக்கத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். சின்னத் தாளில் பெயரை அச்சிட்டு 200 பிரதியிலும் ஒட்டிக் கொடுத்தேன். திருகோணமலை உப்புவெளியில் வீட்டிலிருந்தபடி இந்த வேலையைப் பல வருடமாகச் செய்கிறேன். அதுவரை திரைக்கென்று காசு செலவழிக்க மனம் வந்ததில்லை. அன்று வந்தது.

டவுனில் வழக்கமாகப் போகும் கடைக்குப் போய், அகலமான மொனிற்றர் வேண்டும் என்றேன். கடைக்காரத் தம்பி 29 அங்குலம் ஒன்றைக் காட்டினார். “19இல இருந்து 29 அக்கா. பத்து அங்குலம் கூட. உங்கட வேலைக்குத் தாராளம்” என்றார். பார்க்க நீளமாக, அழகாகத்தான் இருந்தது. ஆனாலும் ஏதோ குறைவது போலிருக்க, அவரிடமே அளவு நாடாவை வாங்கி உயரத்தை அளந்தேன். கறுப்புச் சட்டத்தை விட்டுப் பார்த்தால் பதினொன்றேகால் அங்குலம். வீட்டுக்கு வந்து பழையதை அளந்தேன். கிட்டத்தட்ட 12 அங்குலம். பெரிதென்று நினைத்துப் பார்த்த திரை, உயரத்தில் என் பழையதைவிடக் குட்டை.

காரணம் எளிது. கடையில் சொல்லும் அங்குலம் மூலைக்கு மூலை அளந்த குறுக்களவு. பழைய 19 அங்குலத் திரை 5:4 வடிவம், அதாவது அகலம் 5 என்றால் உயரம் 4, ஏறக்குறைய சதுரம். இப்போதைய சாதாரணத் திரை 16:9. கடையில் பார்த்த 29 போல மிக அகலமானது 21:9. வடிவம் பக்கவாட்டில் இழுபட இழுபட, அதே குறுக்களவுக்கு உயரம் குறைந்துகொண்டு போகும். படம் பார்ப்பவருக்கு அது பிரச்சினையில்லை. நாள் முழுக்கப் பக்கங்களோடு வேலை செய்பவருக்கு உயரம்தான் உயிர்.

அப்புறம் கடைக்குப் போவதை நிறுத்திவிட்டு, மின்விசிறி வந்த அட்டைப்பெட்டியை எடுத்து வெட்டினேன். 29 அங்குலம், 27 அங்குலம், 34 அங்குலம் என்று மூன்று அட்டைகள், உண்மையான அகல உயரத்தில். ஒவ்வொன்றையும் மேசையில் சுவரோடு சாய்த்து, மேலே இரண்டு ஏ4 தாள்களை அருகருகே ஒட்டினேன். ஏ4 தாளின் உயரம் 297 மில்லிமீற்றர், அதாவது 11.7 அங்குலம். இரண்டு தாள் சேர்ந்தால் அகலம் 420 மில்லிமீற்றர், பதினாறரை அங்குலம்.

29 அங்குல அட்டையில் தாளின் கால் வெளியே தொங்கியது. அதோடு அது தள்ளுபடி. 27 அங்குல 16:9 அட்டை 23.5க்கு 13.2 அங்குலம். இரண்டு தாளும் அதில் அடங்கின, பக்கத்தில் ஏழு அங்குலம் மிஞ்சியது. 34 அங்குல 21:9 அட்டையின் உயரம் அதே பதின்மூன்றுக்குக் கிட்ட, அகலம் மட்டும் 31 அங்குலத்துக்கு மேல். இரண்டு பக்கங்களையும் விரித்து வைத்தாலும் இன்னும் பதினைந்து அங்குலம் வெறுமையாகக் கிடந்தது. கையெழுத்துத் தாளை அந்த இடத்தில் வைத்துப் பார்த்தேன். அடங்கியது. மொனிற்றர் வாங்க நினைக்கும் எவருக்கும் நான் முதலில் சொல்வது இந்த அட்டை வேலையைத்தான். ஒரு மணித்தியாலம்கூட எடுக்காது.

34 என்று முடிவானதும் அடுத்த சிக்கல் வந்தது. வெளியே பார்க்க ஒரே மாதிரியான 34 அங்குலத் திரைகள் இரண்டு வகையாக வருகின்றன. ஒன்றில் அகலத்துக்கும் உயரத்துக்கும் 2560×1080 புள்ளிகள் (பிக்சல்கள்), மற்றதில் 3440×1440. முதலாவதில் மொத்தம் 27 இலட்சம் சொச்சம் புள்ளிகள், இரண்டாவதில் 49 இலட்சம் சொச்சம். ஒரு அங்குலத்துக்கு என்று பார்த்தால் 82க்கும் 110க்கும் உள்ள வித்தியாசம். விலை வித்தியாசமும் பெரிது. மலிவானதையே எடுத்தால் என்ன என்று இரண்டு நாள் யோசித்தேன்.

திருகோணமலையில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வழி கிடைக்கவில்லை. இரவு பஸ் ஏறி, ஹபரணை வழியாகக் கொழும்புக்குப் போனேன். கையில் ஒரு பென் டிரைவ். அதில் நான் அமைத்த கல்வெட்டுப் பக்கம் ஒன்றும், கல்யாண அழைப்பிதழ் ஒன்றும். கடைகளில் ஓடவிட்டிருக்கும் மலை, கடல், பூ வீடியோக்களில் எல்லாத் திரையும் அழகாகத்தான் தெரியும். நம் வேலையை நாமே கொண்டுபோய்ப் போட்டுப் பார்க்க வேண்டும்.

பக்கம் தாளின் உண்மையான அளவுக்கு வரும்படி வைத்துப் பார்த்தேன். 2560×1080 திரையில் பத்து பொயின்ற் அளவுத் தமிழ் எழுத்து கரடுமுரடாக நின்றது. ‘ண’வா ‘ன’வா என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டியிருந்தது. மெய்யெழுத்தின் புள்ளி எழுத்தின் தலையோடு ஒட்டிக்கொண்டது. ஆங்கில எழுத்துக்கு அந்தத் திரை போதுமாக இருக்கலாம். ஆனால் நம் எழுத்தில் சுழியும் வளைவும் கூட. ஒரு புள்ளி தெரியாமல் போனால் பெயரே மாறிவிடும். 3440×1440 திரையில் அதே வரி அச்சடித்தது போல நின்றது. இரண்டு நாள் யோசனை அங்கேயே முடிந்தது.

வளைந்த திரையையும் பார்த்தேன். பெட்டியில் 1500 ஆர் என்று போட்டிருந்தால், 1500 மில்லிமீற்றர் ஆரமுள்ள வட்டத்தின் வளைவு என்று பொருள். விளையாடுபவர்களுக்கு அது பிடிக்கும். என் அழைப்பிதழின் ஓரக்கோட்டை அதில் போட்டபோது, நேர்க்கோடு கயிறு போலத் தொய்ந்து தெரிந்தது. பழகிவிடும் என்றார்கள். கோடு நேரா இல்லையா என்று பார்ப்பதே என் தொழில், அதில் பழகிக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. தட்டைத் திரைதான் என்று உறுதியாகச் சொன்னேன்.

உள்ளே படத்தைக் காட்டும் பனலில் ஐபிஎஸ், விஏ என்று வகைகள் உண்டு. நான் ஐபிஎஸ் எடுத்தேன். விஏ பனலில் கறுப்பு இன்னும் ஆழமாக வரும், உண்மை. ஆனால் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் நிறம் வெளிறும். என் வீட்டுக்குப் பிழை பார்க்க வருபவர்கள் எனக்குப் பக்கத்தில் கதிரை போட்டுத்தான் இருப்பார்கள். அவர்களுக்கும் நான் பார்ப்பதே தெரிய வேண்டும்.

பார்த்தது கொழும்பில் என்றாலும், வாங்கியது திருகோணமலைக் கடையில், சொல்லி எடுப்பித்து. சில ஆயிரம் ரூபாய் கூடத்தான். 2022இல் டொலர் ஏறியதிலிருந்து எந்தச் சாமானும் பழைய விலைக்கு இறங்கவில்லை, 2024 ஜனவரியில் வற் வரியும் 18 வீதமாகிவிட்டது. ஒவ்வொரு ஆயிரமும் கணக்குத்தான். ஆனாலும் வாரண்டிக் காலத்தில் ஏதும் நடந்தால், அந்தப் பெரிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு 260 கிலோமீற்றர் என்னால் போக முடியாது.

முற்பணம் கொடுக்கும்போதே ஒன்று கேட்டேன். ஒளிராத புள்ளியோ, நிறம் மாறாமல் நிற்கும் புள்ளியோ இருந்தால் மாற்றித் தர வேண்டும் என்று பில்லில் எழுதச் சொன்னேன். ஒன்றிரண்டு புள்ளிக்கெல்லாம் வாரண்டி கிடையாது என்பது பல நிறுவனங்களின் விதி. பிறகு போய்க் கேட்டால் வாய்த்தகராறுதான் மிஞ்சும். பெட்டி வந்த அன்று கடையிலேயே திறந்து வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று திரை முழுக்க ஒவ்வொரு நிறமாகப் போட்டுப் பார்த்தோம். கறுப்பில் இடது பக்கம் ஒரு சிவப்புப் புள்ளி, குண்டூசி முனை போல எரிந்துகொண்டிருந்தது. தம்பிக்கு முதலில் தெரியவில்லை. கடையின் லைற்றை அணைத்துக் காட்டினேன். பில்லில் எழுதியிருந்ததால் பேச்சே இல்லை. ஒன்பதாம் நாள் வேறொன்று வந்தது. அது சுத்தமாக இருந்தது.

வீட்டில் இன்னொரு சின்னத் தடங்கல். என்னுடையது வேறொருவர் பாவித்து, நான் வாங்கிய பழைய டெல் ஆப்டிபிளெக்ஸ் கணினி. பெட்டியோடு வந்த எச்டிஎம்ஐ கேபிளைச் செருகினால், முழுப் புள்ளி அளவில் 50 ஹேர்ட்ஸுக்கு மேல், அதாவது விநாடிக்கு 50 படத்துக்கு மேல், எடுக்கவில்லை. எழுத்தை மேலே கீழே உருட்டும்போது இலேசாக இழுத்தது. கணினியின் பின்னால் டிஸ்பிளே போர்ட் என்ற இன்னொரு செருகுமிடம் இருந்தது, நான் அதுவரை தொட்டதேயில்லை. அதற்கொரு கேபிள் வாங்கிப் போட்டதும் 60 வந்தது. வாங்குவதற்கு முன் உங்கள் கணினியின் பின்பக்கத்தை ஒருமுறை பாருங்கள்.

திரையின் வெளிச்சத்தைப் பாதி அளவுக்கும் கீழே இறக்கினேன். வெள்ளைத் தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, இரண்டும் ஒரே வெள்ளையாகத் தெரியும்வரை. காலையில் கடல் பக்க ஜன்னலால் வெயில் நேரே விழுகிறது என்று மேசையைச் சுவர்ப் பக்கம் திருப்பினேன். உப்புக்காற்றுக்கு இரவில் ஒரு பருத்தித் துணி போர்த்துகிறேன்.

போன மாதம் ஒரு குடும்பம் கல்வெட்டுக்கு வந்தது. இடது பக்கத்தில் அவர்கள் எழுதித் தந்த தாள், நடுவில் விரித்த இரண்டு பக்கம், வலது ஓரத்தில் என் கருவிகள். மூத்த மகள் கதிரையை நகர்த்தாமலே பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டு வந்தார். பதினேழாவது பெயரில் நின்றார். “தங்கச்சி, இது இரண்டு சுழி ன இல்லை, மூண்டு சுழி. அப்பா ஆசையா வைச்ச பெயர்” என்றார். தாளைப் பார்த்தேன். தாளிலேயே இரண்டு சுழிதான் எழுதியிருந்தார்கள். மாற்றினேன். அவர் மறுபடி முதல் பெயரிலிருந்து தொடங்கினார்.