பெருமூங்கில்: புது இனம் என்று சொல்வதற்கு முன்

திருகோணமலையில் வெருகல் பக்கமோ மூதூர் பக்கமோ ஆற்றோரத்தில், தொடைப் பருமனில் தண்டுகளோடு அண்ணாந்து பார்க்க வைக்கும் ஒரு மூங்கில் பத்தையைக் கண்டால், "இது புது இனமாக இருக்குமோ" என்ற கேள்வி உடனே வந்துவிடுகிறது. படத்தைப் பேஸ்புக்கில் போட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். யாரையும் குறை சொல்ல முடியாது. படம் எடுத்தவர் உயரத்தை மட்டும் எடுத்திருப்பார். மூங்கிலில் இனம் பிரிக்க உயரமும் பருமனும் அவ்வளவாக உதவாது.

மூங்கில் தண்டு மண்ணைவிட்டு வெளியே வரும்போது என்ன பருமனோ, கடைசிவரை அதுதான். மரம்போல வருடாவருடம் பருக்காது. பத்தைக்கு வயது ஏற ஏறத்தான் ஒவ்வொரு மாரியிலும் வருகிற குருத்து முன்னதைவிடத் தடிப்பாக இருக்கும். அதனால் நிலாவெளி மணலில் நிற்கும் இளம் பத்தையும் பேராதனையில் மகாவலிக் கரையில் நிற்கும் பழைய பத்தையும் ஒரே இனமாக இருந்தும் இரண்டு இனம்போலத் தெரியலாம்.

முதல் வேலை, தெரிந்தவற்றைத் தள்ளுவது. அடிக்கிளைகளில் வளைந்த முள் இருந்தால் அது முள்மூங்கில், பம்பூசா பம்போஸ்; அங்கேயே நிறுத்திவிடலாம். தண்டை மூடியிருக்கும் உறையின் இரு தோளிலும், அதாவது மேல்மூலைகளில், பெரிய, உருண்ட காது (காதுபோல் நீட்டிய மடல்), வெளிப்புற முதுகெல்லாம் கறுத்த சுணை என்றால் பெரும்பாலும் பம்பூசா வல்காரிஸ். வேலிக்கும் பந்தலுக்கும் வெட்டுகிற சாதாரண மூங்கில் இது. வெட்டிய துண்டு ஈர மண்ணில் கிடந்தாலே வேர்விடும் என்பதால் வெள்ளத்தோடு போய் எங்கும் முளைக்கும். தண்டு உள்ளீடற்ற குழாயாக இல்லாமல் கிட்டத்தட்டத் திண்மமாக இருந்தால் டென்ட்ரோகலாமஸ் ஸ்ட்ரிக்டஸைப் பாருங்கள். கீழ்க்கணுக்களில் வளையமாக வேர் நீட்டிக்கொண்டு, கீழ்க் கணுவிடைகளில் பொன்பழுப்பு வெல்வெட் மயிர் இருந்தால் டென்ட்ரோகலாமஸ் ஆஸ்பர். இளந்தண்டில் வெள்ளை மெழுகுப்பூச்சு, உறைக்காது சிறிது என்றால் 1868இல் தாவரவியலாளர் மன்றோ பெயரிட்ட டென்ட்ரோகலாமஸ் ஜைகான்டியஸ். பேராதனைப் பூங்காவில் எல்லோரும் பக்கத்தில் நின்று படம் எடுப்பது இதைத்தான். இலங்கையிலிருந்தே 1988இல் சொடர்ஸ்ட்ரோமும் எல்லிஸும் விவரித்த டென்ட்ரோகலாமஸ் சிங்டஸையும் மறக்கக்கூடாது. (பேராதனை மூங்கில் ஆற்றோடு மிதந்து, மகாவலி கடலில் சேரும் கொட்டியாரக் குடாவரை வந்தது என்றொரு பேச்சு எழுவதுண்டு. நடுவில் விக்டோரியா, ரந்தெனிகல, ரந்தம்பை என்று அணைகள் நிற்கின்றன. மனிதர் கொண்டுவந்து நட்டிருப்பார்கள் என்று எண்ணுவதே நியாயம்.)

இவை எதிலும் அடங்கவில்லை என்றால்தான் உறையைக் கையில் எடுக்க வேண்டும். நாலு விடயம் பார்க்க வேண்டும். உறையின் முதுகில் சுணை எங்கே, என்ன நிறம், எந்தப் பக்கம் படிந்திருக்கிறது. விரலை மேலிருந்து கீழாக இழுத்தால் குத்துகிறதா, கீழிருந்து மேலாகவா. தோளில் காது உண்டா, அதன் விளிம்பில் நீண்ட மயிர் உண்டா. உட்பக்கம், உறையும் அதன் நுனியில் இலைபோல் நிற்கும் அலகும் சேருமிடத்தில் உள்ள மெல்லிய நாக்கு எத்தனை மில்லிமீற்றர், விளிம்பு நேரா, பல்லா, கிழிந்த தும்பா. அலகு நிமிர்ந்து நிற்கிறதா, பின்னால் மடிந்து தொங்குகிறதா. கையுறை போடாமல் தொட்டால் சுணை இரண்டு நாளைக்கு அரிக்கும்.

பெரும்பாலான "புது இனங்கள்" பொய்யாய்ப் போவது உறை எந்தக் கணுவுக்குரியது என்பதில்தான். ஒரே தண்டில் அடி உறை குட்டையாக, அகலமாக, சின்ன அலகோடு இருக்கும். மேலே போகப் போக உறை ஒடுங்கி அலகு நீளும். ஒரு பத்தையின் அடி உறையை இன்னொன்றின் நடு உறையோடு ஒப்பிட்டால் வித்தியாசம் கட்டாயம் வரும், அதற்கு அர்த்தமே இல்லை. நிலத்திலிருந்து கணுக்களை எண்ணி, ஒவ்வொரு உறையின் உட்பக்கத்திலும் கணு எண்ணை அழியாத பேனாவால் எழுதுங்கள். ஐந்தாம் கணுவும் தண்டின் நடுவும் கட்டாயம் வேண்டும். நிலத்தில் உதிர்ந்து கிடக்கும் உறை எந்தக் கணுவினது என்று யாராலும் சொல்ல முடியாது, பொறுக்க வேண்டாம்.

காலம் முக்கியம். திருகோணமலையில் குருத்து வடகீழ்ப் பருவமழையோடு வரும். தண்டு உயர உயர அடி உறைகள் கழன்றுவிடும். மாரி கழிந்து சித்திரையில் போனால் மொட்டைத் தண்டுதான் கிடைக்கும். தாவரப் பெயரிடல் விதிகளின் ஒரு நிபந்தனையும் இங்கே சேர்கிறது: புதுப் பெயருக்கு ஆதாரமாக வைக்கும் மூலமாதிரி, அதாவது ஹோலோடைப், ஒரே நேரத்தில் எடுத்த ஒரே சேகரிப்பாக இருக்க வேண்டும். தை மாதம் எடுத்த உறையையும் ஆனி மாதம் எடுத்த இலையையும் சேர்த்து ஒரே மூலமாதிரி ஆக்க முடியாது. அதனால் உறை தாங்கிய இவ்வருடத் தண்டும் கிளையும் இலையும் உள்ள பழைய தண்டும் ஒரே பத்தையில் ஒன்றாக நிற்கும் நேரம் பார்த்துப் போக வேண்டும். வனத்திணைக்கள நிலமென்றாலும் வனஜீவராசிகள் திணைக்கள நிலமென்றாலும் அனுமதிப் பத்திரம் முதலில். மாரி தொடங்கிய பிறகு விண்ணப்பித்தால் அந்த வருடம் போனதுதான்.

ஒரு தண்டை வெட்டிச் சாய்த்தே அளக்க வேண்டும். மொத்த நீளம், நெஞ்சுயரத்தில் விட்டம், நடுத்தண்டில் கணுவிடை நீளம், அதே இடத்தில் சுவர்த்தடிப்பு. கிளைக்காத கணுவிலிருந்து மொட்டோடு ஒரு துண்டு, கிளைத்த கணுவிலிருந்து ஒரு துண்டு: ஒரு கிளை மற்றவற்றை மிஞ்சுகிறதா, எல்லாம் சமனா என்று தெரிய வேண்டும். மண்வெட்டியால் தோண்டி நிலத்தடிக் கிழங்கின் கழுத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். மெழுகும் நிறமும் கை பட்டாலே போய்விடும் என்பதால் அளவுகோல் வைத்துப் படம் எடுப்பது வெட்டியவுடன்.

மூங்கில் இலை வெட்டிய சில நிமிடத்தில் சுருண்டுவிடும்; அந்த இடத்திலேயே பத்திரிகைத் தாளுக்குள் அழுத்த வேண்டும். பெரிய உறை வெயிலில் காய்ந்தால் அப்பளம்போல் நெளிந்து, நிமிர்த்தப்போனால் வெடிக்கும். பச்சையாக இருக்கும்போதே நெடுக்காகக் கீறிப் பலகைக்கடியில் வையுங்கள். ஹேர்பேரியத்தில், அதாவது உலர்தாவரக் காப்பகத்தில், மாதிரியை ஒட்டும் தாள் ஏறத்தாழ 42 × 28 சென்ரிமீற்றர்தான், உறை அதைவிடப் பெரிதாக இருக்கும். வெட்டும்போது நாக்கும் இரண்டு காதும் ஒரே துண்டில் இருக்கட்டும். முதலில் உடைவது காதுதான். மாரி ஈரத்தில் தாளைத் தினமும் மாற்றாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். டீ.என்.ஏக்கு இளம் இலையைச் சிறு துண்டாக்கி, இலையைப்போல் பத்து மடங்கு நிறை சிலிக்கா ஜெல்லில் போடுங்கள்.

டீ.என்.ஏ தீர்ப்புச் சொல்லிவிடும் என்று நம்புவதுதான் இப்போதைய மோகம். வெப்பவலய மர மூங்கில்கள் பெரும்பாலும் ஆறுமடங்கு நிறமூர்த்தம் கொண்டவை, கலப்பினமும் உண்டு, பசுங்கணிக டீ.என்.ஏ மெதுவாகவே மாறுவதால் நெருங்கிய இனங்களைப் பல வேளை பிரிக்காது. பூ கிடைத்தால் சாதியாவது (இனங்களைச் சேர்க்கும் பேரினம்) உறுதியாகும்: மகரந்தக் கம்பிகள் தனித்தனி என்றால் டென்ட்ரோகலாமஸ், ஒட்டிக் குழாயாக இருந்தால் ஜைகான்டோக்ளோவா என்ற வேறு சாதி. ஆனால் பெருமூங்கில் பூக்க பல பத்து வருடமாகும். பூவில்லாமலும் இனத்தை விவரிக்கலாம். அப்போது உறை விவரணம் இன்னும் இறுக்கமாக இருக்க வேண்டும்.

பிறகு பேராதனைத் தேசிய ஹேர்பேரியத்திலும், லண்டனின் கியூ தாவரவியல் பூங்கா போன்ற இடங்களின் இணையப் படங்களிலும் ஒத்த எல்லாப் பெயர்களின் மூலமாதிரிகளையும், கைவிடப்பட்ட ஒத்தபெயர்களையும் சேர்த்து, ஒப்பிட வேண்டும். பழைய பெயருக்கே முன்னுரிமை. பத்தைகள் எல்லாம் ஊர் வளவுகளில் மட்டும் நின்றால் வேறு நாட்டிலிருந்து வந்த பயிராக இருக்க அதிக வாய்ப்பு. மியன்மார், யுன்னான் மூங்கில்களையும் பாருங்கள். மிகப் பெரியதெனச் சொல்லப்படும் டென்ட்ரோகலாமஸ் சினிகஸ் 1982இல்தான் யுன்னானிலிருந்து விவரிக்கப்பட்டது.

2012 தொடக்கம் விவரணம் இலத்தீனிலோ ஆங்கிலத்திலோ இருக்கலாம், ஐ.எஸ்.எஸ்.என் என்ற இதழ்ப் பதிவெண் உள்ள இணைய இதழில் பீ.டீ.எஃப் ஆக வந்தாலும் செல்லும். மூலமாதிரி எந்த ஹேர்பேரியத்தில் இருக்கிறது என்பதைக் குறிப்பிடாவிட்டால் பெயர் செல்லாது. இலத்தீன் பெயரில் டென்ட்ரோகலாமஸ் ஆண்பால் என்பதால் இரண்டாம் சொல்லான அடைமொழியும் ஸ்ட்ரிக்டஸ், ஜைகான்டியஸ் என்று அதற்கேற்ப முடிய வேண்டும்.

ஒரு மாதிரியின் பகுதிகள் பல தாள்களில் இருந்தால் ஒவ்வொரு சீட்டிலும் ஒரே சேகரிப்பு எண்ணும் "5இல் 1", "5இல் 2" என்ற குறிப்பும் இருக்கட்டும். அந்தத் தொடர்பு எழுதப்படாவிட்டால் ஒவ்வொரு தாளும் தனி மாதிரியாகிவிடும். ஹோலோடைப்பாக ஒன்றைத்தான் தெரிவு செய்யலாம், நாக்கும் காதும் வேறு தாளில் போயிருக்கும்.