விண்வெளி ஓவியத்தில் ஒளிர்வு: நான் படித்துப் பழகிய முறை

டிஜிட்டல் ஓவியப் படிப்பின் கடைசிப் பருவத்தில் ஒரே கருப்பொருளில் சில படங்கள் வரைந்து சமர்ப்பிக்க வேண்டும். நான் விண்வெளியை எடுத்துக்கொண்டேன். விண்மீன், விண்முகில் (வாயுவும் தூசியும் சேர்ந்த மேகம்), கோளின் விளிம்பு வெளிச்சம் ஆகிய மூன்றும் கண்ணுக்கு உண்மையாகப் பட்டால்தான் அந்தப் படங்கள் எடுபடும். அதனால் அந்தப் பருவத்தின் பெரும்பகுதி ஒளிர்வைப் படிப்பதிலேயே போனது. இதே வழியில் வருகிறவர்களுக்குப் பயன்படும் என்று தோன்றுவதை எழுதுகிறேன். ஃபோட்டோஷாப், கிரிட்டா, கிம்ப் எதில் வேலை செய்தாலும் அடிப்படை ஒன்றுதான்.

வரையத் தொடங்கும் முன் அளந்து பாருங்கள். நாசா வெளியிட்டிருக்கும் ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கிப் படங்கள் பெரிய அளவில் இலவசமாகவே கிடைக்கின்றன. அதில் பளிச்சென்ற ஒரு விண்மீனைப் பெரிதாக்கி, நடுவிலிருந்து வெளியே நேர்கோட்டில் ஐட்ராப்பரால் (தொட்ட இடத்தின் நிறத்தை எண்ணாகக் காட்டும் கருவி) தொட்டுத் தொட்டு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். 0 என்றால் கறுப்பு, 255 என்றால் முழு வெளிச்சம். நடுவில் 255 இருக்கும். கொஞ்சம் தள்ளினதும் மளமளவென்று இறங்கும். அதன் பிறகு இறக்கம் மெதுவாகி, வெகு தூரம் வரை மங்கலாக இழுத்துக்கொண்டே போகும். சட்டென்று விழுந்து பிறகு நீளும் இந்த வால்தான் ஒரு புள்ளியை ஒளிரச் செய்கிறது. மென்மையான பிரஷ்ஷால் ஒரு தடவை அழுத்தினால் இது வராது. பஞ்சு உருண்டை மாதிரி ஒரு வெள்ளைத் திட்டுதான் வரும்.

அந்த வாலைக் கட்ட எனக்குக் கைகொடுத்தது அடுக்கு பிளர். விண்மீன்கள் மட்டும் இருக்கிற லேயரை (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் ஒளிபுகும் தாள் மாதிரி) பல நகல்கள் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் காஸியன் பிளர் (மங்கலாக்கும் வடிகட்டி) ஆரத்தை இரட்டித்துக்கொண்டே போக வேண்டும்: 4, 8, 16, 32, 64, 128 பிக்சல். எல்லாவற்றையும் லீனியர் டாட்ஜில் (மேல் லேயரின் எண்ணைக் கீழ் லேயரின் எண்ணோடு கூட்டும் முறை, சில மென்பொருள்களில் இதற்கு ஆட் அல்லது அடிஷன் என்று பெயர்) ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால், நீங்கள் அளந்த அதே சரிவு கிடைத்துவிடும். சிறிய விண்மீனுக்கு, ஆரம் இரட்டிக்கும்போதெல்லாம் நடு உச்சி ஏறக்குறைய கால்வாசியாகும். ஆகவே 64, 128 நகல்கள் கண்ணுக்கே தெரியாமல் போகும். லெவல்ஸ் (வெளிச்ச அளவைச் சரிசெய்யும் கருவி) கொண்டு அவற்றைத் தூக்கிவிட வேண்டும். வெளிச்சத்துக்கு 256 படிகள் மட்டுமே உள்ள 8 பிட் கோப்பில் தூக்குவதற்கு எதுவுமே மிஞ்சியிருக்காது. கோப்பை முதலிலேயே, இன்னும் மிக நுண்ணிய படிகள் உள்ள 16 பிட்டில் திறந்துவிடுங்கள்.

பிளெண்ட் மோடுகளை (மேல் லேயரின் நிறம் கீழ் லேயரோடு சேரும் முறைகள்) பெயரை வைத்து மனப்பாடம் செய்யாமல் எண்ணை வைத்துப் படித்தால் ஒரு மாலைப் பொழுதிலேயே புரிந்துவிடும். ஓர் ஆரஞ்சு நிறம் எடுத்துக்கொள்வோம்: சிவப்பு 255, பச்சை 140, நீலம் 40. அதே நிறத்தை அதன்மேலேயே ஆட் முறையில் வைத்தால் 255, 255, 80 ஆகும். சிவப்பு ஏற்கெனவே நிரம்பிவிட்டது, பச்சையும் நிரம்பிவிட்டது, நிறம் மஞ்சளாகிவிட்டது. இன்னும் சில தடவை வைத்தால் நீலமும் நிரம்பி வெள்ளையாகும். வெள்ளை நடு, மஞ்சள் வளையம், ஆரஞ்சு ஓரம் என்று தீப்பிழம்புக்கு நாம் தேடும் வரிசை தானாகவே வந்து விழுகிறது. அதே இரண்டையும் ஸ்கிரீன் என்ற மோடில் வைத்தால் 255, 203, 74 வரும். அதாவது ஸ்கிரீன் நிதானமாக ஏறும், எளிதில் வெடித்து வெளுக்காது. என் கணக்கு எளிமையானது: விண்முகிலுக்கு ஸ்கிரீன், விண்மீனின் நடுவுக்கு ஆட்.

இதிலிருந்தே இன்னொன்றும் தெரிகிறது. 255, 0, 0 என்ற தூய சிவப்பை எத்தனை தடவை கூட்டினாலும் சிவப்பாகவே நிற்கும், ஒரு நாளும் சூடேறி வெள்ளையாகாது. ஒளிரும் நிறத்தைத் தேர்ந்தெடுக்கும்போது சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று சேனலிலும் கொஞ்சமாவது இருக்கட்டும். படம் தட்டையாகத் தெரிகிறது என்று யாராவது காட்டினால் நான் முதலில் பார்ப்பது இந்தப் பூஜ்ஜியத்தைத்தான்.

கலர் டாட்ஜ் என்ற பிளெண்ட் மோடு அழகான கருவி, ஆனால் அது கீழே இருப்பதைப் பெருக்கிக் காட்டும். தூய கறுப்பின்மேல் எவ்வளவு தீட்டினாலும் கறுப்புதான். விண்முகிலின் இழைகளில் ஏற்கெனவே இருக்கும் வேறுபாட்டைத் தூக்கிக்காட்ட அதைப் பயன்படுத்துங்கள். டாட்ஜ் லேயரை ஒரு குரூப்புக்குள் போட்டவுடன் ஒளி காணாமல் போனால் பதற வேண்டாம். குரூப்பின் மோடு நார்மலில் இருந்தால் உள்ளே இருப்பது கீழே இருக்கும் லேயர்களோடு சேராது. பாஸ் த்ரூவுக்கு மாற்றினால் சரியாகிவிடும்.

லேயர் வரிசையைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. விண்வெளியில் காற்று கிடையாது, ஆகவே விண்மீனைச் சுற்றி ஒளி படர அங்கே வழியில்லை. நாம் பார்க்கும் அந்த வட்டம், ஒளி லென்ஸிலும் கண்ணுக்குள்ளும் சிதறுவதால் வருவது. அப்படியென்றால் அது காட்சியின் எல்லாப் பொருளுக்கும் முன்னால் விழ வேண்டும். ஒரு கோளின் இருண்ட விளிம்புக்குப் பின்னாலிருந்து சூரியன் எட்டிப் பார்க்கிறது என்றால், அதன் ஒளிவட்டம் அந்த இருட்டின்மேலும் படிய வேண்டும். பலர் அதைக் கோளின் லேயருக்குக் கீழே வைத்து, கத்தரித்து ஒட்டிய தோற்றத்தைப் பெறுகிறார்கள். விண்முகில் வேறு. அது உண்மையாகவே அங்கே இருக்கும் வாயுவும் தூசியும், எனவே அது தன் தூரத்துக்கேற்ற இடத்தில், கோளுக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும்.

நிறத்துக்கும் காரணம் தெரிந்தால் கை தடுமாறாது. விண்முகிலின் சிவப்பு ஹைட்ரஜனுடையது, 656.3 நானோமீட்டர் அலைநீளம். நீலப்பச்சை, இரட்டை அயனியான (இரண்டு எலக்ட்ரான்களை இழந்த) ஆக்சிஜனிலிருந்து, 500.7 நானோமீட்டரில் வருகிறது. கார்த்திகைக் கூட்டத்தைச் சுற்றித் தெரியும் நீலம், தூசி சிதறடிக்கும் விண்மீன் ஒளி. ஹப்பிள் 1995இல் எடுத்த ‘படைப்பின் தூண்கள்’ படத்தில் கந்தகத்துக்குச் சிவப்பு, ஹைட்ரஜனுக்குப் பச்சை, ஆக்சிஜனுக்கு நீலம் என்று நிறங்களை ஒதுக்கியிருக்கிறார்கள். உண்மை நிறம், ஒதுக்கிய நிறம் என்ற இரண்டு வழியும் சரிதான். ஒரே படத்தில் இரண்டையும் கலக்காதீர்கள். விண்மீன்களுக்கு வெப்பநிலையே வழிகாட்டி: திருவாதிரை சுமார் 3,500 கெல்வின், செம்மஞ்சள், ரைஜல் சுமார் 12,000 கெல்வின், நீலவெள்ளை. நிறத்தை நடுவில் வைக்காமல் ஒளிவட்டத்தில் வையுங்கள்.

விண்மீனிலிருந்து நீண்டு தெரியும் கதிர்க்கோடுகள் தொலைநோக்கியின் அமைப்பைப் பொறுத்தவை. ஹப்பிளில் நான்கு, ஜேம்ஸ் வெப்பில் ஆறு பெரியதும் இரண்டு சிறியதும். ஒரு படத்தில் கோடு போடும் எல்லா விண்மீனுக்கும் ஒரே எண்ணிக்கை, ஒரே சாய்வு. பிரகாசமான சிலவற்றுக்கு மட்டும் கோடு போட்டால் போதும்.

கோளின் விளிம்பில் நிறைய மதிப்பெண் போவதைப் பார்த்திருக்கிறேன். காரணம் தடிமன். பூமியின் ஆரம் 6,371 கிலோமீட்டர். விண்வெளியின் எல்லையாகக் கொள்ளப்படும் கார்மன் கோடு 100 கிலோமீட்டர் உயரத்தில். உங்கள் கோள் 640 பிக்சல் ஆரத்தில் இருந்தால் முழு வளிமண்டலமும் 10 பிக்சல்தான். காற்றின் பெரும்பகுதி முதல் 30 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடுவதால் பளிச்சென்ற பட்டை 3 பிக்சலுக்குமேல் போகக் கூடாது. கொஞ்சம் மிகைப்படுத்தலாம், கலைதானே. ஆனால் 60 பிக்சல் நீலப்புகை சுற்றிய கோள் ஒரு கோலிக்குண்டின் அளவுக்குச் சிறுத்துத் தெரியும். வெளிச்சம் படும் பக்கம் மட்டும் விளிம்பு ஒளிரட்டும். பகலும் இரவும் சந்திக்கும் இடத்தில் அது செம்மையாகி அணையட்டும்.

கடைசியாக, பட்டை விழும் பிரச்சினை. 8 பிட்டில் ஒரு சேனலுக்கு 256 படிகள்தான். இருளிலிருந்து மதிப்பு 25 வரை 1,000 பிக்சல் தூரத்துக்கு மெல்ல ஏற்றினால், ஒவ்வொரு படியும் 40 பிக்சல் அகலப் பட்டையாகத் தெரியும். 16 பிட்டில் வேலை செய்து, 8 பிட்டுக்கு மாற்றும் முன் எல்லாவற்றுக்கும் மேலே 1 அல்லது 2 சதவீதம் நாய்ஸ் (மணல் தூவியது போன்ற சிறு புள்ளிகள்) சேருங்கள், பட்டைகள் உடைந்துவிடும்.

சமர்ப்பிக்கும்போது லேயர்களுக்குப் பெயரிட்டு, அளந்த எண்களின் தாளையும் இணையுங்கள். எங்கள் வாய்மொழித் தேர்வில் இந்த இடத்தில் ஏன் ஸ்கிரீன், அந்த இடத்தில் ஏன் ஆட் என்றுதான் அதிகம் கேட்டார்கள். அந்தத் தாள் கையில் இருந்ததால் பதில் சொல்ல எளிதாக இருந்தது. படத்தை ஒரு தடவை கறுப்பு வெள்ளையாக்கியும் பாருங்கள். நிறம் போன பிறகும் விண்மீன் ஒளிர்ந்தால் அனுப்பிவிடலாம். ஒளிராவிட்டால் விண்மீனை இன்னும் ஏற்றாதீர்கள், சுற்றுப்புறத்தை இறக்குங்கள்.