மூலப்பத்திரம் இல்லாத லேப்டாப்

புதுச்சேரி நேரு வீதியில் லேப்டாப் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் கடலூர் திரும்பும்போது, ஆல்பேட்டை சோதனைச் சாவடியில் காவலர் ஒருவர் ஏறினார். அந்தப் பக்கத்திலிருந்து அட்டைப்பெட்டியுடன் வருகிறவர்களை அவர்கள் தனியாக ஒரு பார்வை பார்ப்பார்கள். பெட்டியைத் திறக்கச் சொன்னார். தெர்மோகோலைத் தூக்கிப் பார்த்தார், சார்ஜர் உறையைத் தட்டிப் பார்த்தார். வேண்டாத சரக்கு எதுவும் உள்ளே இல்லை என்று திருப்தியடைந்து இறங்கிப் போனார்.

இருந்தது. பதினாறு உருப்படி. அவருக்கு மட்டுமா, எனக்கே மாலைவரை தெரியாது.

மகள் கல்லூரியில் சேர்ந்ததற்காக வாங்கியது. கூடத்து மேசையில் வைத்து, ஓரத்தில் குங்குமம் இட்டு, பொத்தானை அழுத்தினோம். ஆரம்ப வேலைகளை முடித்து அது கண் திறந்ததும் வலது மூலையில் ஒரு சிவப்புப் பெட்டி எழுந்தது: உங்கள் கணினி ஆபத்தில் இருக்கிறது. வாங்கி நான்கு மணி நேரம்கூட ஆகவில்லை. அது ஆண்டிவைரஸ், முப்பது நாள் இலவசம், பிறகு பணம் கட்ட வேண்டுமாம். அதை மூடினால் பின்னாலேயே இன்னொன்று வந்து, படங்களைப் பத்திரப்படுத்தித் தருகிறேன் என்றது. அடுத்தது கடைக்குக் கூப்பிட்டது. மிட்டாய் உடைக்கிற விளையாட்டு ஒன்று, சீட்டாட்டம் ஒன்று, ‘உதவியாளர்’ என்ற பெயரில் மூன்று. அந்த மூன்றும் ஒன்றையொன்று அறிமுகம் செய்துவைத்ததைத் தவிர வேறு உதவி எதுவும் செய்து நான் பார்க்கவில்லை.

நாங்கள் இருப்பது திருப்பாதிரிப்புலியூரில், மாமனார் வீட்டுக் கீழ்த்தளத்தில். மாமா தாலுகா அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாடியில் ஒரு குடித்தனம். காலி செய்யச் சொல்லி நான்கு வருடம் ஆகிறது. தை பிறக்கட்டும் என்பார்கள், தை பிறந்தால் பிள்ளைக்குப் பரீட்சை முடியட்டும் என்பார்கள். ஆகவே குடித்தனக்காரர் விவகாரம் எங்கே கிளம்பினாலும் மாமாவுக்குக் காது நிமிரும். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“யார் மாப்பிள்ளை இவர்கள் எல்லாம்?”

“லேப்டாப் நிறுவனமே போட்டு அனுப்புகிறது மாமா.”

“நாம் கேட்டோமா?”

“இல்லை.”

“சும்மாவா இருக்கிறார்கள்? வாடகை?”

சொன்னேன். இந்த மென்பொருள்காரர்கள் ஒவ்வொரு லேப்டாப்புக்கும் இவ்வளவு என்று தயாரிப்பாளருக்குப் பணம் கொடுத்து உள்ளே இடம் பிடிக்கிறார்கள். லேப்டாப் விற்பதில் லாபம் குறைவு. இதில் கொஞ்சம் ஈடுகட்டிக்கொள்கிறார்கள். மாமா கண்ணாடியைக் கழற்றினார். “வீடு நம்முடையது. குடிவைத்தது அவன். வாடகையும் அவனுக்கா?”

அன்றிரவு அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை விசாரணை தொடர்ந்தது. “மூலப்பத்திரம் எங்கே?” அவர் கேட்டது விண்டோஸ் டிஸ்க்கை. இருபது வருடத்துக்கு முன்பு வாங்கிய மேசைக் கணினியோடு வந்த டிஸ்க்கை வீட்டுப் பத்திரத்தோடு ஒரே துணிப்பையில் பீரோவில் வைத்திருக்கிறார். கணினி காயலான் கடைக்குப் போய்ப் பல வருடமாகிறது. இப்போதெல்லாம் டிஸ்க் தருவதில்லை, தந்தாலும் போட இந்த லேப்டாப்பில் துளையே இல்லை என்று காட்டினேன். “அப்படியானால் இது நம்முடையது என்பதற்கு என்ன ஆதாரம்?” முன்பு அடிப்பக்கத்தில் 25 எழுத்துச் சாவி அச்சிட்ட ஒட்டுத்தாள் இருக்கும். விண்டோஸ் 8 வந்த 2012 முதல் அந்தச் சாவியை உள்ளே இருக்கும் முதன்மைச் சுற்றுப்பலகையான மதர்போர்டிலேயே பதித்துவிடுகிறார்கள். புதிதாக விண்டோஸ் போட்டால் அதுவே தேடி எடுத்துக்கொள்ளும். மாமாவுக்கு இது பிடித்துவிட்டது. “பாடலீஸ்வரர் கோவில் சுவரில் கல்வெட்டு இருப்பதுபோல என்று சொல்லுங்கள். தொலையாது.”

பிடிக்காத செய்தி அடுத்தது. பெட்டியில் 512 ஜிபி என்று போட்டிருந்தது, திரை 450 சொச்சம் காட்டியது. சர்வேயரை அழைக்க வேண்டிய விஷயம் என்றார். பாதிக்கு என்னிடம் பதில் இருந்தது: தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது, அதனால் 512 என்பது 476 ஆகத் தெரிகிறது. ஒரே மனையை ஒருவர் சென்டிலும் ஒருவர் குழியிலும் சொல்வதுபோல என்று அவர் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். மீதி? நிறுவனம் தன் உபயோகத்துக்காக ஒதுக்கி, நம் கண்ணில் படாமல் வைத்திருக்கும் மீட்புப் பகுதி. “நம் மனைக்குள்ளேயே புறம்போக்கா!” என்றார். அந்தக் குரலை அவர் அலுவலகத்தில் கேட்டவர்கள் பாவம்.

வெளியேற்றத்தைத் தொடங்கினேன். விளையாட்டுகள் மானஸ்தர்கள், சொன்னதும் போய்விட்டன. ஆண்டிவைரஸ் நின்று பேசியது. நிச்சயமாகவா என்றது. காரணம் என்ன என்று ஐந்தைக் கொடுத்துத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. இன்னும் முப்பது நாள் இலவசமாகத் தருகிறேன், இருக்கட்டுமே என்றது. “முன்பணம் கூட்டித் தருகிறேன் என்கிறானா? மசியாதீர்கள்” என்று பின்னாலிருந்து மாமா. ஒருவழியாக நீக்கி, அணைத்துப் போட்டால் அதன் மிச்சங்கள் அங்கங்கே உட்கார்ந்திருந்தன. எண்ணெய் தடவாமல் பண்ருட்டிப் பலாவை உரித்த கைக்கு இது புரியும். எத்தனை முறை கழுவினாலும் விரல் விரலோடு ஒட்டும். இதற்கான எண்ணெயை, அதாவது மிச்சத்தை வழித்தெடுக்கும் தனிக் கருவியை, அந்த ஆண்டிவைரஸ் நிறுவனமே வைத்திருக்கிறது. நீக்கினால் முழுதாக நீங்காது என்பது அவர்களுக்கே தெரிந்திருக்கிறது.

இங்கே நின்றிருக்கலாம். உதவியாளர்கள் மூவரில் ஒருவர் மட்டும் போகவில்லை என்ற எரிச்சலில், எல்லாவற்றையும் துடைத்துப் புதிதாக்கும் ‘ரீசெட்’ பொத்தானை அழுத்தினேன். இரண்டு மணி நேரம் ஓடியது. முடிந்து திரை வந்ததும் சிவப்புப் பெட்டி எழுந்தது: உங்கள் கணினி ஆபத்தில் இருக்கிறது. மிட்டாய் வந்தது, சீட்டு வந்தது, மூன்று உதவியாளர்களும் குளித்து முழுகி வந்து நின்றார்கள். நிறுவனம் கொடுத்த நிலைக்குத் திருப்புவதுதான் ரீசெட். அந்த நிலையில் இவர்களும் சேர்த்தி என்பது எனக்குத் தோன்றவில்லை. கல்லில் கட்டிக் கடலில் போட்ட அப்பர் பெருமான் மிதந்து வந்து கரையேறிய ஊர் இது. ஊர் ராசி என்று விட்டுவிட்டேன்.

மிச்சமிருந்த வழி, மைக்ரோசாப்ட் தளத்திலிருந்து விண்டோஸை இறக்கி, பென்டிரைவில் ஏற்றி, டிஸ்க்குக்குப் பதில் அதைச் செருகுவது. இலவசம்தான். 8 ஜிபி பென்டிரைவ் வேண்டும். அதில் இருப்பது எல்லாம் அழிந்துவிடும். மேசை இழுப்பறையில் ஒரு கறுப்புப் பென்டிரைவ் கிடந்தது.

காலை ஐந்தரைக்கு எங்கள் வீட்டில் பக்திப் பாடல் ஒலிக்கும். அன்று ஒலிக்கவில்லை. மாமா ஒலிப்பெட்டியின் முன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். அதன் சிறு கண்ணாடியில் ஒற்றைப் பூஜ்யம் பச்சையாகத் தெரிந்தது. பென்டிரைவைப் பிடுங்கினார், வேட்டி நுனியால் துடைத்தார், மறுபடி செருகினார். பூஜ்யம். “அறுநூறு பாட்டு இருந்தது” என்றார், என்னிடம் சொல்லாமல் ஒலிப்பெட்டியிடம். நான் காபி வாங்கி வருவதாகச் சொல்லித் தேரடிப் பக்கம் போய்விட்டேன். வீட்டில் காபி கொதித்துக்கொண்டிருந்தது.

பாடல்களைப் பலி கொடுத்த விண்டோஸ் அரை மணியில் ஏறியது. வட்டில் இருந்த பழைய பிரிவுகள் எல்லாவற்றையும், அந்தப் புறம்போக்கு உட்பட, அழித்துத்தான் ஏற்றினேன். கடைசிக் கட்டத்தில், இணையத்தில் இணையுங்கள் என்று நின்றுவிட்டது. வைஃபை பட்டியல் காலியாக இருந்தது. வைஃபையை இயக்கும் டிரைவர் என்ற சிறு மென்பொருளும் துடைத்தவற்றோடு போய்விட்டது. அதை இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு அது வேண்டும். ஒரு மணி நேரம் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கல்லூரியிலிருந்து வந்த மகள் பையைக்கூட இறக்காமல் தன் போனை ஒயரால் லேப்டாப்பில் செருகி எதையோ தட்டினாள், இணையம் வந்துவிட்டது. “முன்பே டிரைவரை எடுத்து வைத்திருக்கலாமே அப்பா” என்றாள். என் வீட்டில் எல்லோருக்கும் எல்லாம் பின்னால்தான் தெரியும், இவளுக்கு மட்டும் முன்னால்.

முகப்பு வந்தது. சிவப்புப் பெட்டி இல்லை, மிட்டாய் இல்லை. மாமாவைக் கூப்பிட்டேன், பாட்டு துக்கம் கொஞ்சம் ஆறட்டும் என்று. அவர் குனிந்து பார்க்கும்போதே வலது மூலையில் ஒரு பெட்டி எழுந்தது. எங்கள் உதவியாளரை நிறுவட்டுமா?

வட்டு முழுவதையும் துடைத்தாயிற்றே, இவர் எங்கே ஒளிந்திருந்தார்? மதர்போர்டில். சாவி பதித்திருக்கும் அதே இடத்தில் தன் ஆளுக்கும் ஒரு மூலை ஒதுக்கியிருக்கிறது நிறுவனம். விண்டோஸ் எழும்போதெல்லாம் அவரை எட்டிப்பார்க்கச் சொல்கிறது.

“பூட்டை மாற்றவில்லையா மாப்பிள்ளை?” என்றார் மாமா.

லேப்டாப்பை அணைத்து, எஃப்2 விசையை அழுத்தியபடி திறந்து, விண்டோஸுக்கு முன்பே எழும் பயாஸ் என்ற அமைப்புப் பட்டியலில் அந்த வரியைத் தேடிப் பிடித்து முடக்கினேன். பிறகு எட்டிப்பார்க்கவில்லை. மாமா எழுந்து கைகொடுத்தார். கல்யாணத்துக்குப் பிறகு இது இரண்டாவது முறை.

சங்கதி மாடிக்கும் போயிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டுப் பையன் தன் லேப்டாப்பைக் கொண்டுவந்து, “இதையும் சுத்தம் செய்து தருவீர்களா அங்கிள்?” என்றான். நான் கை நீட்டுமுன் மாமா வாங்கிக்கொண்டார். வாரம் ஒன்றாகிறது. அது அவர் பீரோவில், பழைய டிஸ்க் இருக்கும் துணிப்பைக்குப் பக்கத்தில் இருக்கிறது. மாடி வாடகை பாக்கி நான்கு மாதம்.