மகளின் தொலைபேசி எண்ணை அவளுடைய பெயருக்கு மாற்றிய அனுபவம்

பிள்ளை பாவிக்கும் எண் பிள்ளையுடையது என்று வீட்டில் நாம் சொல்லிக்கொண்டாலும், யாருடைய தேசிய அடையாள அட்டையில் அந்த இணைப்பு பதிவாகியிருக்கிறதோ அவரே அதன் உரிமையாளர். அந்த எண்ணிலிருந்து போகும் அழைப்புக்கும் குறுஞ்செய்திக்கும் முதலில் பதில் சொல்ல வேண்டியவரும் அவரே. என் மகளின் எண்ணை என் பெயரில் எடுத்து, சில ஆண்டுகள் கழித்து அவள் பெயருக்கு மாற்றிய அனுபவத்தை, வளரும் பிள்ளைகள் உள்ள பெற்றோருக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில் எழுதுகிறேன்.

2020 மார்ச்சில் இலங்கையில் பாடசாலைகள் மூடப்பட்டபோது மகள் தரம் 8 இல் படித்துக்கொண்டிருந்தாள். பாடக் குறிப்புகள் எல்லாம் வட்ஸ்அப் வழியாகவே வந்துகொண்டிருந்ததால், ஊரடங்கு தளர்ந்ததும் அவளையும் அழைத்துக்கொண்டு வெள்ளவத்தை காலி வீதியில் உள்ள ஒரு கடைக்குச் சென்றேன். கடைக்காரர் முதலில் கேட்டது அடையாள அட்டையைத்தான். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் போதுமா என்று கேட்டேன், போதாது என்றார். அட்டை இல்லாதவர் பெயரில் இணைப்பைப் பதிவு செய்ய முடியாது என்பது அவர் சொன்ன காரணம். ஆட்பதிவுத் திணைக்களம் 15 வயது நிறைந்தவர்களுக்கே அட்டை வழங்குகிறது (முன்னர் அது 16 ஆக இருந்தது). ஆகவே என் அட்டையைக் கொடுத்து, என் பெயரில் பதிவு செய்து, சிம்மை அவளிடம் கொடுத்தேன்.

அன்றைய அவசரத்தில் சிலர் நடைபாதையில் கிடைத்த, ஏற்கெனவே யாரோ ஒருவர் பெயரில் இயங்கிக்கொண்டிருந்த சிம்மை வாங்கிப் பிள்ளைகளுக்குக் கொடுத்ததை நான் அறிவேன். அதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். போர்க்காலக் கொழும்பில் வாழ்ந்தவர்களுக்கு இதன் கனம் தெரியும். 2008 இல் தொலைபேசி இணைப்பு தம் பெயரில்தான் இருக்கிறது என்பதற்கான உரிமைச் சான்றிதழைக் கையோடு வைத்திருக்க வேண்டியிருந்தது. அடையாள அட்டை, பொலிஸ் பதிவுத் துண்டு, அந்தச் சான்றிதழ் ஆகிய மூன்றையும் ஒரே பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கைப்பையில் வைத்துக்கொண்டே நான் வேலைக்குச் சென்று வந்தேன். சோதனைச் சாவடியில் நின்ற தமிழ்ப் பிள்ளை ஒன்றுக்கு, பிறர் பெயரில் இருந்த ஒரு சிம் எவ்வளவு பெரிய ஆபத்தாக முடியக்கூடும் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காலம் மாறிவிட்டது. இருந்தாலும் யாருடைய எண் யாருடைய பெயரில் இருக்கிறது என்பதில் எனக்கு இருக்கும் பிடிவாதம் மாறவில்லை.

சாதாரண தரப் பரீட்சைக்கு முன்னர் மகளுக்கு அடையாள அட்டை பாடசாலை மூலமாகவே கிடைத்தது. பதிவு பெற்ற படப்பிடிப்பு நிலையத்தில் படம் எடுத்து, அவர்கள் தந்த பற்றுச்சீட்டையும் பிறப்புச் சான்றிதழையும் அதிபர் உறுதிப்படுத்திய விண்ணப்பத்தோடு இணைத்துக் கொடுத்தோம். பாடசாலையை விட்ட பிள்ளையாக இருந்தால் கிராம உத்தியோகத்தர் வழியாகப் பிரதேச செயலகத்துக்குச் செல்ல வேண்டும். அட்டை வந்ததும் எண்ணை மாற்றிவிடலாம் என்று நினைத்து, தொலைபேசி நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவை நிலையத்துக்குச் சென்றோம். அங்கிருந்த உத்தியோகத்தர் தமிழில் பொறுமையாக விளக்கினார்: “அம்மா, அட்டை இருக்கிறது சரிதான். ஆனாலும் தங்கச்சிக்குப் 18 ஆகும்வரைக்கும் உங்கட பெயரிலேயே இருக்கட்டும்.”

அட்டை பெறும் வயதும் சட்டப்படி ஒருவர் முழு வயதை அடையும் வயதும் வேறு வேறு. இலங்கையில் முழு வயது முன்னர் 21 ஆக இருந்து, 1989 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கச் சட்டத்தால் 18 ஆகக் குறைக்கப்பட்டது. இணைப்பு என்பது நிறுவனத்தோடு செய்துகொள்ளும் ஓர் ஒப்பந்தம் என்பதால், கையொப்பமிடுபவர் அந்த வயதை அடைந்திருக்க வேண்டும் என்று அவர்கள் எதிர்பார்ப்பது எனக்கு நியாயமாகவே பட்டது. 16 வயதுப் பிள்ளையின் மீது அந்தப் பொறுப்பைச் சுமத்துவதை விட, தாய் அதைத் தன் பெயரில் வைத்திருப்பது நல்லது.

2025 இல் அவளுக்கு 18 நிறைந்ததும் இருவரும் மீண்டும் சென்றோம். பழைய உரிமையாளரும் புதிய உரிமையாளரும் நேரில் வர வேண்டும் என்றும், இருவரின் மூல அட்டைகளும் வேண்டும் என்றும் தொலைபேசியில் கேட்டு அறிந்திருந்தோம். உத்தியோகத்தர் மகளின் அட்டையில் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே இலக்கத்தைப் பார்த்தார். 2016 முதல் வழங்கப்படும் 12 இலக்க எண்ணில் முதல் நான்கும் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் அந்த ஆண்டில் பிறந்த நாளின் வரிசை எண், பெண்களானால் அதனோடு 500 கூட்டியிருக்கும். 2007 என்ற தொடக்கத்தையும் அதற்கடுத்த மூன்று இலக்கங்களையும் விரலால் தொட்டுக் கணக்கிட்டுவிட்டு, வயது சரி என்று தலையசைத்தார்.

மேசையில் இருந்தது சிங்களப் படிவம். தமிழில் கேட்டோம், உள்ளேயிருந்து எடுத்து வந்து தந்தார்கள். கேட்டால் கிடைக்கிறது, ஆகவே தயங்காமல் கேளுங்கள். படிவத்தில் பெயர் எழுதும்போதுதான் சற்று நேரம் பிடித்தது. நம் பெயர்களில் தந்தையின் பெயர் சில பத்திரங்களில் முழுமையாகவும் சிலவற்றில் முதலெழுத்தாகவும் இருக்கும். அட்டையில் எப்படி அச்சாகியிருக்கிறதோ, எழுத்துக்கு எழுத்து அப்படியே எழுத வேண்டும் என்றார்கள். கடனாகப் பெற்றிருந்த ரீலோட் தொகை ஏதேனும் நிலுவையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, என் கையொப்பத்தையும் அவளுடைய கையொப்பத்தையும் வாங்கினார்கள். சிம் மாறவில்லை, எண்ணும் மாறவில்லை. வட்ஸ்அப்பும் தொடர்புகளும் இருந்தபடியே இருந்தன. பதிவு விவரத்தைச் சரிபார்க்க #132# என்ற இலக்கத்தை அழுத்திப் பார்க்கலாம்.

இந்த மாற்றத்தைத் தள்ளிப்போடாமல் செய்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. மகள் தன் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்கவிருந்தாள். பணப் பரிமாற்றத்துக்கான ஓ.டி.பி. வந்து சேரும் எண் இன்னொருவர் பெயரில் இருந்தால், சிம் தொலைந்த அன்று மாற்றுச் சிம் எடுப்பதற்கும் அந்த இன்னொருவரைத் தேட வேண்டியிருக்கும். எங்கள் அடுக்குமாடியிலேயே, கனடாவுக்குப் போய்விட்ட மாமா ஒருவரின் பெயரில் இருந்த எண்ணைத் தொலைத்துவிட்டு, அதைத் திரும்பப் பெற முடியாமல் ஒரு பிள்ளை தவித்ததை நான் கண்டேன். வெளிநாடு போகவிருப்பவர் பெயரிலோ, தளர்ந்த வயதில் இருக்கும் பாட்டன் பாட்டி பெயரிலோ பிள்ளைக்கு இணைப்பு எடுக்காதீர்கள். ஏற்கெனவே எடுத்திருந்தால், அவர்கள் நேரில் வந்து கையொப்பமிடக்கூடிய காலத்திலேயே தாய் அல்லது தந்தை பெயருக்கு மாற்றிவிடுங்கள்.